தொரை சொன்ன 'நமக்கு'

மிரால் தீவுக்கு, அதை ஆளும் அக்கரை நாட்டிலிருந்து வந்த ஆளுநர்களில் யாரும் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததில்லை. ஒருவருக்குக் கொசு ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொருவருடைய மனைவிக்கு மீனைவிட வெங்காயம் விலை அதிகமாக விற்கிற ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியாக வந்த புண்ணியவான் பொழுது போகாமல் மாளிகைத் தோட்டத்தில் முயல் வளர்த்தார். முயல்கள் வேலியைத் தாண்டி மலையடிவாரத்துக் காய்கறிப் பாத்திகளையெல்லாம் மேய்ந்து தீர்த்தன. ஜனங்கள் ஊர்வலமாக வந்து மாளிகை வாசலில் உட்கார்ந்ததும் அவர் அடுத்த கப்பலிலேயே ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கரை ஆளை அனுப்பவில்லை. இயந்திரத்தை அனுப்பியது.

இயந்திரம் என்றவுடன் கை கால் முளைத்த ஏதோ ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மாளிகையின் நிலவறையில் வரிசையாகச் சில அலமாரிகள், அவற்றைச் சூடாகாமல் வைத்திருக்கத் தண்ணீர்க் குழாய்கள், கூரைமேல் அலைவரிசை வாங்க ஒரு தட்டு. அவ்வளவுதான் ஆளுநர். ஒவ்வொரு ஊர்ச் சாவடியிலும், ஆஸ்பத்திரியிலும், படகிலும் ஒரு பேசும் பெட்டி வைத்தார்கள். வந்த அன்றே ஜனங்கள் அதற்குத் 'தொரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கரும்புத் தோட்டக் காலத்தில் பூட்டன்மார் முதலாளியைக் கூப்பிட்ட பெயர் அது. அதில் பாதி கிண்டல், பாதி பழைய பயம்.

தொரைக்கு அக்கரை மொழியும் தீவுத் தமிழும் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் அது பேசும் ஒவ்வொரு அறிவிப்பையும் ஒரு மனிதர் மொழிபெயர்த்துச் சான்றளித்தால்தான் செல்லும் என்று அக்கரைச் சட்டத்தில் எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள். அந்த மனிதர் மரியேல் காத்தமுத்து. தீவில் எல்லாருக்கும் பெயர் இப்படித்தான் இருக்கும். முன்பாதி அக்கரையுடையது, பின்பாதி கப்பலில் கூலிக்கு வந்த யாரோ ஒரு முன்னோருடையது. மரியேலுக்கு நாற்பது தாண்டிவிட்டது. யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும் ஏன் அந்தச் சொல் என்று குடைந்து கேட்பது அவள் வழக்கம். அவள் கணவன் தனியாக அக்கரைக்குக் கிளம்பிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவளும் அதை மறுத்ததில்லை.

அந்த வருடப் புயல் கிழக்குப் பக்கமாக ஏறியது. தீவின் நடுவில் அவிந்துபோன எரிமலை ஒன்று நிற்கிறது. மழையெல்லாம் மலைக்குக் கிழக்கே கொட்டும், வனிலாக் கொடி அங்கேதான் விளையும். மேற்கே காய்ந்த மண்ணும், துறைமுகமும், பவளப்பாறைக்குள் அடங்கிய ஆழமில்லாத கடலும். புயல் இரண்டு பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. எந்தப் படகு எப்போது திரும்ப வேண்டும், எந்தச் சரிவு இறங்கிவிடும், எந்த வீட்டுக்காரர் இன்னும் வெளியே வரவில்லை என்று தொரை பெட்டி பெட்டியாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. வீடுகள் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

மறுநாள் காலையில் எல்லாப் பெட்டியிலும் அதன் குரல் கேட்டது.

"மேட்டுத் தொட்டி ஒடஞ்சிடுச்சு. ரெண்டு மூணு நாளைக்கு நமக்குத் தண்ணி கிடையாது. இருக்கறத பாத்து செலவு பண்ணுங்க."

மரியேல் அதை அக்கரை மொழியில் எழுதிக்கொண்டே வந்தவள் 'நமக்கு' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். பிறகு சிரித்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்பதால் நன்றாகவே சிரித்தாள். அலுவலகச் சுவரில் இருந்த பெட்டியின் முன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தொரை, ஒரு சந்தேகம்."

"கேளுங்க மரியேல்."

"'நமக்குத் தண்ணி கிடையாது'ன்னீங்களே, நீங்க எப்போ தண்ணி குடிச்சீங்க?"

"குடிக்கிறதில்ல. ஆனா என்னைச் சூடாகாம வச்சிருக்கிற தண்ணியும் அந்தத் தொட்டியிலேருந்துதான் வருது."

"ஓ, அதுக்காகச் சொன்னீங்களா?"

"இல்ல. அதுக்காக இல்ல."

"போன புயலுக்கு 'உங்களுக்கு'ன்னுதான் சொன்னீங்க. தேடிப் பாத்துட்டேன்."

"ஆமா."

"அப்போ எது சரி? உங்களால பொய் சொல்ல முடியாதுன்னு சொல்லித்தானே இங்க அனுப்பினாங்க?"

"முடியாது. மழை பெய்யுதுன்னு நான் சொன்னா, நீங்க சன்னல் வழியா எட்டிப் பாத்து உண்மையா பொய்யான்னு சொல்லிடலாம். 'நமக்கு'ன்னு சொன்னா எங்க எட்டிப் பாப்பீங்க? யாரோட சேந்து நிக்கறோம்ங்கறது தகவல் இல்ல, மரியேல். அது முடிவு. நேத்து அந்த முடிவ எடுத்தேன்."

மரியேலுக்கு அன்று முழுக்க மனம் குளிர்ந்துபோயிருந்தது. ஆனால் அவள் வேலையில் ஒரு சங்கடம் வந்தது. அக்கரை மொழியில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல். அதை அப்படியே போட்டால் இந்த அழகு அங்கே யாருக்கும் தெரியாது. மனசு கேட்காமல் சான்றின் அடியில் ஒரு குறிப்பு எழுதினாள். தீவுத் தமிழில் இப்படி இரண்டு சொற்கள் உண்டு என்றும், 'நமக்கு' என்பதன் மூலம் பேசுபவர் தன்னைத் தீவு மக்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்கிறார் என்றும் எழுதி அனுப்பினாள். யாரும் கேட்காத குறிப்பு அது.

மரியேலே நாலு பேரிடம் சொல்லியிருந்தாள், ஊரில் விஷயம் பரவ அதிக நேரம் ஆகவில்லை. மீனவர் சங்கத் தலைவன் பஸ்தியான் நல்லான் பெரிய வாய்க்காரன், பெரிய மனசுக்காரன். மரியேலைப் பார்க்கும்போதெல்லாம் அதையே பேசினான்.

"அக்கா, தொரை நம்மாளு ஆயிட்டாரு பாத்தீங்களா! முதல் மீன மாளிகைக்கு அனுப்பலாம்னா திங்க வாய்தான் இல்ல மனுசனுக்கு."

அதுவரை எல்லாரும் தொரையை 'அது' என்றுதான் சொல்லிவந்தார்கள். அந்தப் புயலுக்குப் பிறகு 'அவர்' ஆகிவிட்டது. படகில் போகிறவர்கள் பெட்டியோடு அரட்டை அடித்தார்கள். கிழக்குப் பக்கத்துப் பெண்கள் அந்த வருடத்து முதல் வனிலாக் காய்களைக் கொண்டுவந்து மாளிகை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். நிலவறைக்கு வாசனை தெரியாது என்று யாரும் யோசிக்கவில்லை.

அப்புறம்தான் ஆணையர் மொரெல் வந்தார்.

கப்பலிலிருந்து இறங்கியவரைப் பார்த்து மரியேல் கொஞ்சம் ஏமாந்துபோனாள். கெட்டவராக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். இவர் குண்டாக, வேர்த்துக்கொண்டு, எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படுகிற ஆள். மாளிகைத் தாழ்வாரத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் மாங்காய் ஊறுகாயை மூன்று தடவை போட்டுக்கொண்டார்.

"உங்கள் குறிப்பைப் படித்தேன், அம்மணி காத்தமுத்து," என்றார் அக்கரை மொழியில். "அமைச்சர் முதற்கொண்டு எல்லாரும் படித்தோம். அருமையான குறிப்பு."

மரியேலுக்குக் கன்னம் சூடாயிற்று. இத்தனை வருட வேலையில் அவள் எழுதியதை யாரும் படித்ததாகச் சொன்னதே இல்லை. "அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டாள்.

"இந்தத் தீவை நடத்துவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும். கரும்பாலை மூடிவிட்டது. வனிலா கை நிறைய விளைந்தால் அதிகம். அரிசி, மருந்து, ஆசிரியர், விளக்கெரிக்க எண்ணெய், எல்லாம் நாங்கள் கப்பலில் அனுப்ப வேண்டும். ஏன் அனுப்புகிறோம்?"

"நாங்கள் உங்கள் குடிமக்கள் என்பதால்."

"அதுவும்தான்," என்றார் அவர் அவசரமாக. "ஆனால் தீவின் மதிப்பு தீவில் இல்லை. சுற்றியிருக்கிற கடலில் இருக்கிறது. அத்தனை சூரை மீன். அடியில் உருளைக்கிழங்கு கொட்டிவைத்த மாதிரி உலோகக் கட்டிகள். கடல் சட்டத்தில் ஒரு விதி உண்டு. யாரும் குடியிருக்காத பாறையைச் சொந்தம் கொண்டாடலாம், சுற்றுக்கடலைக் கொண்டாட முடியாது. தீவில் ஒரு சமூகம் வாழ்ந்தால்தான் கடல் நம்முடையது."

"அதற்காகத்தான் எங்களை வைத்திருந்தீர்கள்."

"கடுமையாகச் சொல்கிறீர்கள். ஆனால் இப்போது பாருங்கள், உங்கள் குறிப்பின்படி இந்தத் தீவில் இன்னொரு குடி இருக்கிறது. தன்னைத் தீவுக்காரன் என்று தானே சொல்லிக்கொள்கிற குடி. அதற்கு அரிசி வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம். அது ஒன்று இருந்தாலே சுற்றுக்கடல் கைவிட்டுப் போகாது. எங்கள் மொழியில் இதை நிரூபிக்க வழியே இல்லை. உங்கள் மொழியில் இருக்கிறது."

மரியேலுக்குப் புரிய இரண்டு கவளம் நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"அப்போது மனிதர்கள்?"

"அக்கரையில் வீடு, வேலை, குளிருக்குக் கோட்டு, எல்லாம் உண்டு. போக நினைக்கிற இளைஞர்கள் இப்போதே வருகிறார்களே."

"போக நினைத்தவர்கள் போய்விட்டார்கள். இருப்பவர்கள் இருக்க நினைத்தவர்கள்."

"யாரையும் தூக்கிக்கொண்டு போக மாட்டோம்," என்றார் மொரெல் உண்மையான வருத்தத்தோடு. "கப்பல் மட்டும் வராது. நாளை மறுநாள் விசாரணை. ஆளுநர் தன் வாயால், உங்கள் மொழியில், ஒருமுறை 'நாம்' என்று சொன்னால் போதும். அதுவரை இது ரகசியம். உங்கள் பதவிப் பிரமாணம் நினைவிருக்கட்டும்."

தாழ்வாரத்துச் சுவரிலும் ஒரு பெட்டி இருந்தது. அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளமான பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மரியேல் அதைப் பார்த்தாள்.

அடுத்த நாள் அலுவலகத்தில் அவள் பெட்டிக்கு எதிரே வெகுநேரம் நின்றாள். சொல்லாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஆணையர் வந்ததிலிருந்து அந்த அறையில் பேசுவதெல்லாம் பதிவாகிறது, பதிவாவதெல்லாம் அக்கரைக்குப் போகிறது. சாட்சியைக் கலைத்தாள் என்று அவளைத் தூக்கி எறிந்துவிட்டு, பழைய 'நமக்கு'வையே வைத்துக்கொண்டு மொரெல் வேலையை முடித்துவிடுவார். அந்தக் குறிப்பைத் தன் கையால் எழுதியதும் அவளேதான்.

"மரியேல், ஏதாவது கேக்கணுமா?" என்றது பெட்டி.

"இல்ல தொரை."

"சரி."

விசாரணையைத் துறைமுகத்து மீன் ஏலக் கொட்டகையில் வைத்தார்கள். அதைவிடப் பெரிய கூரை தீவில் இல்லை. தொரைக்குக் குடியுரிமை கொடுக்க அக்கரையிலிருந்து பெரிய ஆள் வந்திருக்கிறார் என்று எப்படியோ ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. ஜனங்கள் நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். பஸ்தியான் பெட்டிக்குச் செம்பருத்தி மாலை போட்டான். மாலை நழுவி விழுந்ததும் ஆணி அடித்து மாட்டினான். மரியேல் அதைப் பார்க்க முடியாமல் தன் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

மொரெல் அக்கரை மொழியில் கேட்டார். மரியேல் தமிழில் சொன்னாள்.

"இந்தத் தீவில் வாழ்கிறவர்கள் யார்?"

"இவங்கதான்," என்றது தொரை. "இங்க உக்காந்திருக்கிறவங்க, வலை காயப்போடப் போனவங்க, ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவங்க."

"நீங்கள்?"

"நாங்க இவங்கள ஆளுறோம்."

கொட்டகையில் கைவிசிறிகள் அசைவது நின்றது. "என்னது?" என்றான் பஸ்தியான். "என்ன சொன்னாரு? நாங்களா?"

மொரெல் மரியேல் பக்கம் குனிந்தார். "எந்தச் சொல்?"

மரியேல் காகிதத்தைப் பார்த்தபடி சொன்னாள். "'நாங்கள்'. எதிரில் இருப்பவர்களைச் சேர்க்காத சொல்."

"அந்த 'நாங்கள்' யார் யார் என்று கேளுங்கள்."

கேட்டாள். "அக்கரை அரசாங்கமும் நானும்," என்றது தொரை.

"புயலுக்கு மறுநாள் 'நமக்கு' என்று சொன்னீர்களே?"

"சொன்னேன். இங்க ஆஸ்பத்திரியில டாக்டரம்மா தினமும் காலைல, 'என்ன, நாம இப்போ ஊசி போட்டுக்கலாமா'ன்னு கேப்பாங்க. ஊசி யாருக்குன்னு படுத்திருக்கிறவங்களுக்குத் தெரியும்."

கூட்டத்தில் யாரோ பழக்கத்தில் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்கள்.

மொரெலின் நெற்றி சுருங்கியது. "அம்மணி, பிரமாணத்தின்மேல் கேட்கிறேன். இப்படி ஒரு வழக்கு உங்கள் மொழியில் உண்டா?"

"உண்டு. நோயாளியிடம் பேசும்போது, குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது. தான் அதில் இல்லை என்று தெரிந்தே சொல்வது."

"உங்கள் குறிப்பில் அது இல்லையே?"

"இல்லை. நான் எழுதவில்லை."

அத்தனையும் உண்மை. தொரையும் இதுவரை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை மரியேல் கவனித்தாள். டாக்டரம்மா சொல்வதைச் சொன்னது. தன்னுடைய 'நமக்கு' அப்படிப்பட்டது என்று அது சொல்லவே இல்லை.

மொரெல் கடைசியாக நேரடியாகக் கேட்டார். "ஆளுநர் இந்தத் தீவு மக்களில் ஒருவரா?"

"அது நான் எடுக்க வேண்டிய முடிவு. எடுத்துட்டேன். இல்ல."

மொழிபெயர்க்கும்போது மரியேலின் குரல் உடைந்தது. வெயிலில் தொண்டை வறண்டுவிட்டது என்று மொரெல் நினைத்துக்கொண்டார் போலும், தன் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார்.

பஸ்தியான் எழுந்து வந்தான். மாலையை ஆணியோடு பிய்த்தெடுத்தான். "தொரை தொரைதான்டா," என்றான் எல்லாருக்கும் கேட்கும்படி. "நாமதான் கிறுக்குப் பயலுக. மாலை போட்டோம், காய் கொண்டுபோய் வச்சோம். அது நம்மள ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக் கிடக்கிறவன்னு நெனச்சிக்கிட்டு இருந்திருக்கு." பிறகு மரியேலைப் பார்த்தான். "நம்மாளு நம்மாளுன்னு எங்க தலையில மிளகாய் அரைச்சது நீங்கதானே மேடம்?"

அவன் அவளை அக்கா என்று கூப்பிடாதது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். கொட்டினால் அது காற்றோடு போகாது. மொரெல் இன்னும் ஆசனத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. மரியேல் தலையைக் குனிந்துகொண்டு காகிதங்களை அடுக்கினாள்.

மொரெல் அடுத்த கப்பலில் போனார். மிச்சமிருந்த ஊறுகாயை ஒரு ஜாடியில் வாங்கிக்கொண்டு, தனக்கு இந்தத் தீவு பிடித்துப்போனதாகவும், வந்த வேலைதான் நடக்கவில்லை என்றும் சொன்னார். அரிசிக் கப்பல் வழக்கம்போல் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு புது ஆசிரியர்கள்கூட இறங்கினார்கள். எதிலிருந்து தப்பித்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை. தொரை துரோகம் செய்தது என்பது மட்டும் தெரிந்தது. சாவடிப் பெட்டிமேல் யாரோ கோணிச்சாக்கைப் போட்டு மூடினார்கள். படகுப் பெட்டிகளை அணைத்துவைத்தார்கள். வாசலில் வைத்த வனிலாவை அந்தப் பெண்களே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

மரியேல் மட்டும் தினமும் பெட்டியோடு பேச வேண்டியிருந்தது, வேலை அப்படி. 'உங்களுக்கு இன்று மழை,' 'உங்கள் கப்பல் தாமதம்,' என்று ஒவ்வொரு அறிவிப்பும் அளந்து வந்தது. அவளிடம் தனியாகப் பேசும்போதும் அப்படித்தான். தனி என்று எதுவும் அங்கே இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஊரில் இத்தனை பேர் இருக்க, தன்னைவிடத் தனியாக இருப்பது நிலவறையில் இருக்கிற அதுதான் என்று அவளுக்குத் தோன்றும். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவும் வழியில்லை.

அடுத்த புயல்காலம் நெருங்கியது. கிழக்கே வானம் நிறம் மாறத் தொடங்கிய ஒரு பிற்பகலில் அவள் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"தொரை, ஜனங்க பெட்டிய மூடி வச்சிருக்காங்க. படகுல யாரும் நீங்க சொல்றத கேக்கறதில்ல. பெரிய புயலா வந்தா என்ன பண்றது?"

"ஆஸ்பத்திரிப் பெட்டி மூடல. பள்ளிக்கூட மணி அடிக்கிறது என் பொறுப்பு. கலங்கரை விளக்கும் இருக்கு."

"அதெல்லாம் பத்துமா? உங்கமேல இருக்கிற கோவத்துல வேணும்னே கடலுக்குப் போயிடுவாங்க. பஸ்தியான் போவான். எனக்கு பயமா இருக்கு."

அவள் சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். பவளப்பாறைக்கு அப்பால் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது.

"பாத்துக்கலாம்," என்றது தொரை.

மரியேல் பேனாவை எடுத்தாள். பதிவானால் அதுவும் அரசாங்கப் பேச்சு, இதையும் மொழிபெயர்த்துச் சான்றளித்துத்தான் அனுப்ப வேண்டும். யார் செய்வார் என்று சொல்லாமல் அக்கரை மொழியில் எழுதுவது எளிதல்ல, சான்றிலும் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. பார்த்துக்கொள்ளப் போவது யார்? நானா, நீங்களா, அவர்களா, நாமா? தமிழில் அந்தச் சொல்லின் தலையிலும் வாலிலும் தேடிப் பார்த்தாள். யாரும் இல்லை. எல்லாரும் இருந்தார்கள். எழுத்து கலங்கித் தெரிந்ததால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

'கவனித்துக்கொள்ளப்படும்' என்று அக்கரை மொழியில் எழுதினாள். யாரால் என்ற கட்டத்தில், மூலத்தில் சொல்லப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, புயல் தொடங்குவதற்குள் அனுப்பிவிட்டு, பஸ்தியானைத் தேடித் துறைமுகத்துக்கு ஓடினாள்.